கார் மேல் கட்டிய அண்டா

போன வருடம் ஆனி மாதம், ஒரு முகூர்த்த நாள் காலையில், திருப்பத்தூருக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவே ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிற வாத்தியார். அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது அதே இயற்பியலிடம்தான். அதனாலேயே ரொம்ப நாள் இதை ஸ்டாஃப் ரூமில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காரைக்குடியை ஒட்டிய மானகிரியில் எங்கள் வீடு. அதற்கு முந்தைய தீபாவளிக்குத்தான் பேட்டரி கார் வாங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போவேன். வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுவதால் ஏசி தேவைப்படாது. அவசரமும் இல்லை, நாற்பதைத் தாண்ட மாட்டேன். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காரின் திரையில் ஒரு எண் காட்டும். அது மற்றவர்கள் காரில் காட்டுவதைவிட என் காரில் எப்போதும் கூடுதலாக இருக்கும். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். அந்த எண் நான் ஓட்டுகிற விதத்தைப் பார்த்துக் கார் போடுகிற கணக்கு, விதம் மாறினால் கணக்கும் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பேங்கில் போட்ட பணம் மாதிரி அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. சிங்கம்புணரி தாண்டி அவர்கள் குலதெய்வக் கோவிலில் ஏற்பாடு. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சி முடித்த பிறகு போய் நின்றேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை என்று சொன்னேன், உண்மையும் அதுதான். ஆனால் அவள் மாமியார் வீட்டார் நாலு பேர் நடுவில், “ஒங்க அண்ணனுக்கு ஒன் ஞாபகம் இப்பத்தான் வந்துச்சாக்கும்” என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு பல மாதம் அவள் என்னோடு பேசவில்லை. காதுகுத்துக்குத் தேதி குறித்ததும் போன் பண்ணினாள். “அண்ணே, சீரெல்லாம் ஒண்ணும் வேணாம். பத்தரைக்குள்ள வந்து மடியக் குடுத்தீகன்னாப் போதும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? சீக்கிரம் கிளம்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, பித்தளையில் பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று என்று இரண்டு அண்டா வாங்கினேன். “பெருசுக்குள்ள சின்னதைப் போட்டா டிக்கியிலயே அடங்கிரும்ங்க” என்றாள் என் மனைவி. எனக்கு மனசு ஒப்பவில்லை. சீர் என்றால் ஊர் பார்க்க வேண்டாமா? பக்கத்து வீட்டில் கேரியர் இரவல் வாங்கிக் கார் மேல் மாட்டி, இரண்டு அண்டாவையும் படுக்க வைத்துக் கட்டினேன். விளிம்பில் வைத்த சந்தனம் குங்குமம் எதிரே வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று வாய் இரண்டையும் முன்பக்கம் பார்க்க வைத்தேன். சுற்றி ஒரு சாமந்தி மாலை வேறு. இரவே சார்ஜ் போடச் சொன்னாள். போகவேண்டியது எழுபது கிலோமீட்டர், திரையில் நூற்றுப் பன்னிரண்டு காட்டுகிறது, கழித்தால் எவ்வளவு என்று அவளிடமே கேட்டேன். அவள் பூக்கட்டப் போய்விட்டாள்.

காலையில் முதலில் கீழச்சிவல்பட்டிக்குப் போய்ச் சித்தப்பாவை ஏற்றிக்கொள்ள வேண்டும். அறுபதைத் தாண்டியதும் மேலேயிருந்து ஊ... என்று ஒரு சத்தம் கேட்டது. வாய் திறந்த அண்டாவில் காற்று மோதி எழுப்புகிற சத்தம். மங்கலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழச்சிவல்பட்டி போய்ச் சேர்வதற்குள் நாற்பது கிலோமீட்டர் குறைந்திருந்தது. ஓடியது இருபத்தைந்து. கிளம்பின புதிதில் அப்படித்தான் காட்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன்.

சித்தப்பா குளித்து, சவரம் செய்து, துண்டைத் தேடி எடுத்து ஏறுவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. நல்ல பாரியான உடம்பு அவருக்கு. ஏறினதும் வேர்க்கிறது என்றார், ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். திருப்பத்தூர் தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று தொண்ணூறு, நூறு என்று மிதித்தேன். மேற்கே போகிற ரோடு. ஆனிக் காற்று மேற்கிலிருந்து முகத்துக்கு நேரே அடிக்கிறது. மேலே அண்டா ஊளையே இட ஆரம்பித்தது. “என்னடா, ஒன் வண்டி அழுகுது?” என்றார் சித்தப்பா. நான் சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. பார்க்கப் பார்க்க எண் விழுந்தது. ஐம்பது, நாற்பத்தொன்று, முப்பத்திரண்டு. இருபத்து நான்கு என்று காட்டியபோது போகவேண்டியது இன்னும் இருபத்தாறு இருந்தது. மணி ஒன்பது இருபது. காரை ஓரம் கட்டினேன். வாடகைக் காருக்குப் போன் போட்டேன். முகூர்த்த நாள், எல்லா வண்டியும் சவாரிக்குப் போயிருக்கிறது என்றார்கள். தங்கைக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை, கோவில் பக்கம் சிக்னல் அப்படி. மனைவி என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. கையில் பூக்கூடையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் நேரம் தப்பினால் தங்கை என்னைத் திட்டக்கூட மாட்டாள், அவ்வளவுதான் என்று விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

எதிர்ப்பக்கம் ஒரு பஞ்சர் கடை. அதன் வாசலில் காலித் தண்ணீர் கேன்கள் ஏற்றிய பேட்டரி லோடு ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், சேலைக்கு மேலே காக்கிச் சட்டை. என் காரையே பார்த்துக்கொண்டிருந்தவர் ரோட்டைக் கடந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கார் மேலே பார்த்தார்.

“என்ன சார், அண்டா வாயை முன்னாடி பாக்க வச்சுக் கட்டியிருக்கீக! இந்தக் காத்தைப் பூராம் அள்ளிக்கிட்டுல்ல வாரீக.”

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போட்டு, அதில் கேள்வி கேட்டு, தப்பாக எழுதியவனைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். அந்த நிமிஷம் என்னைத்தான் பெஞ்சு மேல் ஏற்ற வேண்டும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் அதற்குள் காலால் என் டயரை அழுத்திப் பார்த்துவிட்டார். “காத்துப் புடிச்சு எம்புட்டு நாளாச்சு? டயர்ல காத்துக் கொறைஞ்சுச்சுன்னா வண்டி தரையை உரசிக்கிட்டுத்தான் ஓடும். அங்குட்டுப் போயி நாலு டயருக்கும் புடிங்க” என்றார். இருக்கிற நேரத்தில் காற்று வேறா என்று எனக்குத் தவிப்பு. ஆனாலும் காரைக் கடை வாசலுக்குக் கொண்டுபோனேன். நாலு டயருக்கும் காற்றுப் பிடித்து முடிவதற்குள் அவரும் என் மனைவியுமாக அண்டாக்களைக் கீழே இறக்கி, பெரியதற்குள் சின்னதை வைத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். கேரியரையும் கழற்றி அதிலேயே போட்டாயிற்று. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மாலையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் ஊர் சிங்கம்புணரி. கோவில் அதற்கும் எட்டு கிலோமீட்டர் அப்பால். “நான் முன்னாடி போறேன். என் வேகத்துக்கே வாங்க, முந்தாதீக. ஏசியை அமத்திருங்க. பிரேக்கைப் போட்டுப் போட்டு மிதிக்காம, தூரத்துலயே காலை எடுத்திருங்க, வண்டி தன்னால அடங்கும். வழியில நின்னு போச்சுன்னா என் வண்டியில ஏறிக்கங்க, எப்படியும் கொண்டுபோய்ச் சேத்துருவேன்” என்றார். சித்தப்பா என் காதில், “முன்னப் பின்ன தெரியாத ஆளு வண்டியில சீரை ஏத்திவிடுறியேப்பா” என்று முணுமுணுத்தார். என் மனைவி, “சும்மா இருங்க மாமா” என்றாள்.

முப்பத்தெட்டு, நாற்பது. அதற்கு மேல் அந்த ஆட்டோ போகவில்லை. எங்களை முந்திக்கொண்டு சைக்கிளைத் தவிர எல்லாம் போயின. பஸ் முந்தியது, கரும்பு ஏற்றிய டிராக்டர்கூட முந்தியது. ஜன்னலைப் பாதி இறக்கியிருந்தோம். சித்தப்பா துண்டால் விசிறிக்கொண்டார். ஊளைச் சத்தம் இல்லை. டயர் ரோட்டில் உருளுகிற சத்தம் மட்டும். முதல் ஐந்து கிலோமீட்டருக்கு எண் இருபத்து நான்கிலேயே நின்றது. என் கண்ணை நம்ப முடியவில்லை. அப்புறம் இருபத்து மூன்று. அந்தப் பெண் வேகத்தடை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே காலை எடுத்துவிடுவது, ஆட்டோ மெல்ல மெல்ல அடங்குவதில் தெரிந்தது. நானும் அப்படியே செய்தேன். சரிவு வந்தால் வண்டியை உருள விட்டேன். எட்டு மாதமாகத் தினம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், நல்ல நாள் அன்றைக்குப் பார்த்து மறந்துபோனேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கோவில் வாசலுக்குப் போனபோது மணி பத்து இருபது. திரையில் பதினொன்று மீதி. எங்களுக்கு முன்னால் காலிக் கேன்களோடு ஆட்டோ நுழைந்ததும், “மாமன் சீரு தண்ணி வண்டியில வருதுடோய்” என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நன்றாகவே பார்த்தது.

தங்கை சிரிக்கவில்லை. ஓடிவந்தவள் ஆட்டோப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார வைத்தாள். பிள்ளையை மடியில் வைத்தாள். இரண்டு வருடமாக நான் சரியாகத் தூக்காத பிள்ளை, முகம் தெரியாத ஆள் என்று திமிறியது. ஊசி பட்டதும் வீறிட்டு, அழுகிற அழுகையில் என் சட்டையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணி பத்து இருபத்தெட்டு. தங்கை முந்தானையால் பிள்ளை மூக்கைத் துடைத்தாள், பிறகு என் நெற்றி வேர்வையையும் துடைத்துவிட்டு, “வந்துட்டீகள்ல” என்றாள்.

எங்களுக்காக வந்ததில் ஆட்டோவுக்கும் சார்ஜ் குறைந்திருந்தது. பந்தல்காரரிடம் சொல்லி ஒயர் இழுத்து, என் காரையும் அந்தப் பெண்ணின் ஆட்டோவையும் வேப்பமரத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் சார்ஜில் போட்டோம். அவருக்கு மதியம் தண்ணீர் கேன் போடுகிற ஒரு நடை கெட்டிருக்கும். அதைக் கேட்டதற்கு, “காது குத்து நிக்கிறதைவிடவா சார்?” என்றார். முதல் பந்தியில் தங்கை அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் காற்றுத் தடைப் பாடத்தில் அண்டா கதையைச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் விட்டுவிட்டேன். கேரியரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மாதம் ஒரு தடவை டயருக்குக் காற்றும் பிடிக்கிறேன். ஆனால் விசேஷத்துக்கென்று எங்கே கிளம்பினாலும், கதவைத் திறக்கிறபோது தங்கை கேட்டது நினைவுக்கு வருகிறது. அவள் கேட்டது என் மடியை மட்டும்தான், அதற்குக் கார் மேல் இடமே தேவைப்பட்டிருக்கவில்லை.