பத்தை விட்டு இறங்காத குமிழ்

உலகத்தில் இதுவரை மூன்றே மூன்று பேரோசைகள்தான் உண்டாகியிருக்கின்றன: இடி, எரிமலை, சித்தப்பாவின் எலெக்ட்ரிக் கித்தார். மூன்றாவது வந்த நாள் முதல் முதலிரண்டும் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கின்றன.

சித்தப்பா பகலில் வாஷிங் மெஷின் மெக்கானிக். மற்ற நேரமெல்லாம் ஹெவி மெட்டல் என்னும் காது கிழியும் இசை. துணி பீரோவுக்குள் கித்தாரின் ஒலிபெருக்கியான ஆம்பை வைத்து, அதன் முன்னால் மைக்கை நிறுத்தி, சித்தியின் போர்வைகளையெல்லாம் சுற்றிலும் திணித்து, வீட்டிலேயே பதிவு செய்வார். ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழ் எப்போதும் பத்தில் இருக்கும். நடு ஒலிக்கான மிட் குமிழ் பூஜ்ஜியத்தில். தனியாகக் கேட்டால் மலை சரிவதுபோல் இருக்கும். டிரம்ஸோடு சேர்த்தாலோ, டப்பாவில் அடைபட்ட தேனீ.

டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் சித்தப்பாவின் பதிவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். கெயினைப் பாதியாக்கு, மிட்டைக் கூட்டு, ஞாயிறு சாயங்காலத்துக்குள் சரியாக வராவிட்டால் வேறு ஆளை வைத்து வாசித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். இருபது வருஷத்தில் சித்தப்பா சொந்தமாகப் போட்ட ஒரே பாட்டு அது.

"பத்துக்குக் கீழ இறக்கினா அது மெட்டல் இல்ல, தாலாட்டு" என்றார் சித்தப்பா. உடும்புப்பிடி. ஆனால் அந்த ஞாயிறு மத்தியானம் சோறு இறங்கவில்லை அவருக்கு.

அவருடைய அண்ணன் மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். டிவி ரிமோட்டில் பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது, சித்தப்பாவின் கண்ணாடியைப் பூந்தொட்டிக்கு மாட்டுவது எல்லாம் அவள் திருப்பணிகள். சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில் பீரோவுக்குள் நுழைந்தாள். குமிழ் மூடிகளின் குட்டி ஸ்க்ரூக்களைத் தளர்த்திக் கழற்றினாள். உள்ளே தண்டைத் திருப்பி, கெயினைப் பாதிக்கு இறக்கி, மிட்டை ஏற்றினாள். மூடிகளை மட்டும் பழையபடி பத்தையும் பூஜ்ஜியத்தையும் காட்டும்படி மாட்டினாள். இதுவும் ஒரு குறும்புதான், பாசமெல்லாம் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சித்தப்பா ஈரத்தலையோடு வாசித்து, அனுப்பினார். அரை மணியில் போன் வந்தது. இப்போதுதான் கித்தாரே கேட்கிறது, பாட்டு உன்னுடையதுதான் என்றார் நண்பர். சித்தப்பா குதித்த குதியில் போர்வைகள் அத்தனையும் சரிந்தன.

"பாத்தியா வாலு? பத்து!"

"ஆமா சித்தப்பா, பத்துன்னா பத்துதான்" என்றாள் வாலு, முகத்தை அம்மிக்கல்லாக வைத்துக்கொண்டு.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எள்ளளவு ஸ்க்ரூ ஒன்று.

"பீரோ அடியில கிடந்துச்சு. கழட்டினா திரும்ப மாட்டணும். தொழில்னா சுத்தம் வேணும்."

வாலு ஸ்க்ரூவை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். "எப்ப பாத்தீங்க?"

"வாசிக்கறதுக்கு முன்னாடியே. கெயினைக் கீழ திருப்பிப் பாத்தேன், மூடி அஞ்சைக் காட்டினதுமே நின்னுடுச்சு, பூஜ்ஜியத்துக்குப் போகல. திரும்பப் பத்துக்கே வெச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

சித்தப்பா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னார்: "குமிழ் பத்துலதானே நின்னுச்சு? நான் சொன்ன சொல் மாறலையே."