தாம்பாளத்தில் ஊற்றிய பிசின்

அந்தமானில், போர்ட் பிளேர் பக்கத்துக் கராச்சர்மாவில் குடியிருந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அடுத்த கப்பலில் ஏறி, தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கே போய்விட வேண்டும். என் வீட்டுக்காரர் கொத்து வேலையை விட்டுவிட்டுச் சைக்கிளில் மீன் விற்க ஆரம்பித்திருந்தார். துறையில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று டாலிகஞ்ச் போய்ச் சேருவதற்குள் கூடையிலிருந்த ஐஸ் தண்ணீராகிவிடும். விற்காத மீனெல்லாம் என் குழம்புச் சட்டிக்கு வரும். கடற்கரையில் பிறந்த எனக்கே மீனைக் கண்டால் எரிச்சல் வந்தது.

ஒருநாள் எங்கிருந்தோ தெர்மோகோல் பலகைகளைக் கொண்டுவந்தார். அதில் பெட்டி செய்து, மேலே ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நார்த் துணியை ஒட்டினால் ஐஸ் சாயங்காலம்வரை நிற்குமாம். படகு பழுதுபார்க்கும் கூட்டாளி ஒருவர் துணியும் எபாக்ஸி பிசினும் கொடுத்திருந்தார். படகுக்குப் பூசுகிற மற்றப் பிசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும், இதுதான் ஒத்துவரும் என்றாராம்.

“இந்தப் பெட்டி சரிவரலன்னா மூட்டையக் கட்டிருவோம்ட்டி” என்று இவர் எனக்கு வாக்குக் கொடுத்தார். நான் மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவும் வேண்டுமா?

கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும்படி கூட்டாளி சொல்லியிருந்தார். பத்து வருஷம் சிமெண்ட் கலந்த மனுஷனுக்கு அது காதில் ஏறுமா? பாதிப் பிசினை ஒரே வாளியில் கொட்டி, அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் சேர்த்துக் கிண்டினார். ஒரு பக்கம் துணி விரித்துத் தடவுவதற்குள் வாளி கொதித்துப் புகைய ஆரம்பித்தது. பிரஷ் உள்ளேயே நட்டுக்குத்தலாக நிற்க, எல்லாம் கல்லாகிவிட்டது. இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் கதம். நீ கேட்ட மாதிரியே ஊருக்குப் போவோம்.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மீதிப் பிசின் வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சூடான கஞ்சியைப் பிள்ளைக்கு எதில் ஊற்றி ஆற்றுகிறோம்? என் கல்யாணத் தாம்பாளத்தை எடுத்துவந்தேன். ஒவ்வொரு டம்ளராகக் கலந்து, அதில் பரவலாக ஊற்றி, நானே துணிமேல் தடவினேன். சுருக்கத்தையும் காற்றுக் குமிழையும் நீவி எடுத்தேன். கையெல்லாம் அரித்தது. திட்டிக்கொண்டே முடித்தேன். இரண்டு அடுக்காக ஒட்ட நினைத்த துணி, பிசின் போதாமல் ஒரு அடுக்குதான் வந்தது. தாம்பாளம் அன்றோடு ஒழிந்தது.

பெட்டி நன்றாக இறுகியபின் ஒருநாள் காலையில் ஐஸ் போட்டு மூடினோம். சாயங்காலம் திறந்தால் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. நான்தான் முதலில் கைதட்டிக் குதித்தேன். இவர் ஐஸைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சும்மா இருந்திருந்தா இந்நேரம் கப்பல்ல இருப்ப” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. நான் செய்த பெட்டியை விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போவது?

“நாளைக்கு ஜல்தி எந்திரிங்க, நல்ல மீனெல்லாம் போயிரும்” என்றேன்.