மரண வீட்டு வீடியோ

அம்மா போன பிறகு ஒரு வாரமாவது தூங்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி, துடைத்து, உடுப்பு மாற்றி, பிறகு சேலையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. எங்கே தூங்கினேன்! எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதற்குள் தம்பியின் குரல் கைபேசியில் வந்துவிட்டது.

“அக்கா, அந்த லைவ் வீடியோவ எப்படியாச்சும் எடுத்து அனுப்புங்க. முழுசா வேணும். அம்மாவ தூக்குற நேரம் எனக்கு லைன் அறுந்துட்டு.”

தம்பி ஐரோப்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறான். ஏழு வருடமாகியும் அவனுக்கு விசா சரிவரவில்லை. அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அம்மாவுக்கு ஒரே ஆண்பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன். எங்கள் ஊர் அலுவிகாரையில், வீட்டு முற்றத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது, அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே கைபேசியைத் தண்ணீர்க் குழாயில் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறான்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால், பந்தல்காரருக்குச் சொல்லும் வாயோடு இணையத்தில் நேரடியாகக் காட்டும் லைவ்காரருக்கும் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு எது? எங்களுக்குப் பக்கத்து ஊரான பலாபத்வலையிலிருந்து ஒருவர் வந்து எடுத்தார். அவரிடம் கேட்டேன்.

“ஐயோ டீச்சர், அடுத்த நாளே கல்யாணம் ஒண்ணு வந்துட்டு. கார்ட்ட அழிச்சிட்டு அதுலதான் எடுத்தேன். லிங்க் மட்டும் முப்பத்தொண்ணாம் நாள் வரைக்கும் இருக்கும்ங்க.”

அந்த லிங்கில் பார்க்கலாம், அழலாம், கீழே அனுதாபம் எழுதலாம். இறக்கி எடுக்க மட்டும் முடியாது. திரையில் ஓடவிட்டு, ஓடுவதை அப்படியே பதிவதுதான் ஒரே வழி. அதற்கான இலவச மென்பொருள் என் மடிக்கணினியில் ஏற்கெனவே இருந்தது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது விஞ்ஞானப் பாடங்களை அதில்தான் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்பினேன். திரையில் படம் ஓடும், நான் மைக்கில் விளக்கம் சொல்வேன். ஆகவே இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை என்று ஒரு மிதப்பு. மிதப்புக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் தடவை மேளச் சத்தம் மட்டும் பதிந்திருந்தது, படம் முழுக்கக் கறுப்பு. மூன்று மணி நாற்பது நிமிடமும் கறுப்பு. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் உலாவியில் எதையோ அணைக்கச் சொல்லி எழுதியிருந்தார். அணைத்தேன், படம் வந்தது. இரண்டாவது தடவை, ஒன்றரை மணி நேரத்தில் கணினி தானாகத் தூங்கிவிட்டது. அதற்காவது தூக்கம் வந்ததே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாவின் முகத்தில் பூப்போடும் இடத்தோடு பதிவு நின்றிருந்தது.

மூன்றாவது தடவை இருபத்தொன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை. இனிமேல் தவறவிட நாள் இல்லை. கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தூங்காதபடி மாற்றி, ஓடவிட்டேன். மறுபடி அந்தத் தேவாரத்தையும் மேளத்தையும் கேட்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரைக் குறைத்தேன்; பதிவுக்குள் போகும் சத்தம் அதனால் குறையாது. திரைப்பக்கம் பார்க்காமல் அதே மேசையின் மறு முனையில் உட்கார்ந்து கறிக்குப் போஞ்சி நறுக்கினேன். முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு வரும் ஆட்களுக்கு என்ன சமைப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் கணவர் எதிரே பேப்பர் விரித்திருந்தார்.

பத்து மணிபோல, பாட்டுப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் பணிஸும் விற்கும் பாண் வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது.

“பாண் வாங்கவா?” என்றார் அவர். அவ்வளவுதான் கேட்டார், பாவம்.

“இந்தச் சத்தத்தக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது,” என்று தொடங்கிவிட்டேன். “அம்மாவுக்கு வண்டி வந்தாப் போதும். ‘தம்பி வந்துருவான், அவனுக்கு ஒரு பணிஸ் வாங்கி வையி’ன்னு ஒரே தொல்ல. கண்ண மூடுன அன்னைக்கும் அதேதான். ராவு பகலா தூக்கித் தொடச்சவ நானு. என்னைய ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சாப்பிட்டியான்னு கேட்டாங்களா? இப்ப தொரைக்கு வீடியோ வேணுமாம். அதையும் நாந்தான் எடுக்கணுமாம்!”

அவர் பேப்பரை மடித்துவிட்டுப் பாண் வாங்கப் போனார். நான் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு போஞ்சியை முடித்தேன்.

பதிவு முடிந்ததும் முதல் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தேன். படம் இருந்தது, சத்தம் இருந்தது. முழுவதையும் பார்க்க யாரால் முடியும்? அன்றே தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் முப்பத்தொன்று வந்தது, லிங்க் போனது, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தம்பியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கிடைத்ததா என்று கேட்டு எழுதினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. ஐந்தாம் நாள் பதிவைத் திறந்து நடுவில் ஓரிடத்தில் தட்டினேன். தேவாரம் கேட்டது. அதற்கு மேலே, அதைவிடத் தெளிவாக, போஞ்சி நறுக்கும் சத்தம் கேட்டது.

மைக். பாடம் பதிந்த காலத்தில் போட்டு வைத்த மைக்கை நான் அணைக்கவே இல்லை.

பதிவை முன்னே தள்ளினேன். எங்கள் சொந்தக்காரர்கள் பாடையைத் தோளில் ஏற்றுகிறார்கள். பின்னால் பாண் வண்டியின் பாட்டு. அதன் மேல் என் குரல், வகுப்புக்குப் பாடம் நடத்துவதுபோல் ஒரு சொல் விடாமல். தம்பி முழுதாக வேண்டும் என்று கேட்ட அதே இடம். இனித் திருத்தவும் வழி இல்லை, லிங்க் அழிந்துவிட்டது. உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

‘தொரை’ என்றதற்காகக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அம்மா இறந்த அன்று அவன் போனில் கேட்டிருந்தான். “கடைசியா என்னைய ஏதாச்சும் கேட்டாங்களா அக்கா?” இல்லை என்றேன். தூங்கிக்கொண்டே போய்விட்டார் என்றேன். தெரியாத ஊரில் ஒற்றை அறையில் இருப்பவனிடம், வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் உன்னைத்தான் தேடினார் என்று எப்படிச் சொல்வேன்? பாரத்தை நானே சுமந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். கடைசியில் அதைத் தேவாரத்தோடு சேர்த்து நானே அனுப்பி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே போனில் கூப்பிட்டான்.

“டேய், அன்னைக்கு எரிச்சல்ல ஏதோ பேசிட்டேன்டா…”

“அது கெடக்கட்டும் அக்கா. அம்மா நெசமாவே என்னைய கேட்டாங்களா?”

இனிமேல் எதை மறைக்க? “கேட்டாங்கடா. தெனமும் கேட்டாங்க.”

“ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னீங்களே அக்கா. நான் வராத கோவத்துல என்னைய மறந்தே போயிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். ஒரு மாசமா அதையே நெனச்சி நெனச்சி… எனக்குச் சாப்பாடே எறங்கல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு வலிக்கக் கூடாது என்று நான் சொன்ன பொய் அவனை ஒரு மாதம் தின்றிருக்கிறது. என் வாய்க்கொழுப்புத்தான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

“என்ன பணிஸ் அக்கா? கிம்புலாவா?”

முதலைபோல நீளமாக, மேலே சீனி தூவி வரும் பணிஸ். சின்ன வயதில் அதற்காக அவன் தரையில் புரண்டு அழுவான்.

“ஆமாடா. சீனி நெறயா உள்ளதாப் பாத்து எடுன்னு வேற சொல்லுவாங்க.”

சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான். “வாங்கி வச்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும், அது எனக்கு முடிந்துபோயிருந்தது.

“இல்லடா. வாங்கிட்டேன்னு வாயால சொல்லுவேன். ஒரு நாளும் வாங்கல.”

அங்கே யாரோ அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் போனை வைக்கவில்லை.

“ஒண்ணு வாங்கியிருக்கலாமே அக்கா,” என்றான்.

“ஆமாடா,” என்றேன். “வாங்கியிருக்கலாம்.”