ஷம்ஷாத்தின் இடது கால்

அம்பத்தூர் ஜவுளிக்கடை ஒன்றின் முதல் மாடியில் பட்டுப்புடவை விற்பவள் ஷம்ஷாத். பூந்தமல்லியிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்தால், கடை அடைக்கும்வரை நின்றபடியே இருப்பாள். "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று படியேறுகிறவர்களிடமும் இரண்டு புடவை விற்றுவிடுகிற வாய் அவளுக்கு.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து அந்த மாடியில் ஸ்டூல்கள் உண்டு. அவற்றின்மேல் புடவைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. யாராவது பெட்டியை நகர்த்தினால் மேனேஜர் நடேசன் எங்கிருந்தோ வந்துவிடுவார். "நிக்கறது உடம்புக்கு நல்லதும்மா. நான் உக்காந்து பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை, அது உண்மை.

ஷம்ஷாத்தின் இடது காலில் முழங்காலுக்குப் பின்னாலிருந்து கணுக்கால்வரை ஊதா நிறத்தில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. சாயங்காலமானால் கால் கனத்துக் கடுக்கும். பக்கத்து வீட்டில் ஒருத்தி வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். தடவியதில், கடையில் பக்கத்தில் நிற்கிற அகல்யா மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர நரம்பு அசையவில்லை. கடைசியில் ஆட்டோ ஓட்டும் புருஷன் ராஷித், "நாளைக்கு லீவு போடு" என்று சொல்லிவிட்டான். சொந்தத்தில் நிக்காஹ் என்று நடேசனிடம் பொய் சொன்னாள். "போய்ட்டு வாங்க, நானும் நாளைக்கு ஆவடி குடோனுக்குப் போறேன்" என்றார் அவர்.

மறுநாள் முகப்பேரில், ரத்தக்குழாய் டாக்டர் நிவேதிதாவின் கிளினிக். ஷம்ஷாத் காத்திருந்த இடத்துக்கு எதிரே ஸ்கேன் அறை, கதவுக்குப் பதில் ஒரு திரை. உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கெஞ்சியது.

"டாக்டர், கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? கால் கடுக்குது."

"நின்னாதான் சார் ரத்தம் எங்க கீழ திரும்புதுன்னு ஸ்கேன்ல தெரியும்."

"மனுஷன் எவ்ளோ நேரம்தான் நிப்பான் டாக்டர்?"

அந்தக் குரல் ஷம்ஷாத்துக்குத் தெரியும். ஃபேன் காற்றில் திரை ஒதுங்கியது. இடுப்பில் டவலைக் கட்டிக்கொண்டு சின்ன மேடைமேல் நின்றுகொண்டிருந்தார் நடேசன். இரண்டு கெண்டைக்காலிலும் ஊதா முடிச்சுகள். அவளுடையதைவிடப் பெரிசு.

"இன்னா சார், ஆவடி குடோன் இங்கதான் கீதா?"

நடேசன் டவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நிக்காஹ் இங்கயாம்மா?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னும் வரல சார்."

அவள் முறை வந்ததும் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினாள். "இது நரம்பில்லம்மா, ரத்தக்குழாய். மேல போற ரத்தம் திரும்பி வராம தடுக்க உள்ள வால்வு இருக்கும். அது கெட்டா ரத்தம் தேங்கி, குழாய் புடைச்சிக்கும்." முன்பெல்லாம் கீறி உருவி எடுப்பார்களாம். இப்போது காலை மட்டும் மரக்கவைத்து, மெல்லிய கம்பி போன்ற ஒன்றை உள்ளே விட்டு, லேசர் சூட்டில் அந்தக் குழாயையே அடைத்துவிடலாம். ரத்தம் நல்ல குழாய்கள் வழியாகப் போய்க்கொள்ளும். சிலந்திவலை மாதிரி மெல்லிசாகத் தெரிபவற்றுக்கு மருந்து ஊசி. எதுவும் வேண்டாமென்றால் இறுக்கமான காலுறை, நடை, உட்காரும்போது காலைத் தூக்கி வைப்பது. வலி குறையும், புடைப்பு போகாது.

ஷம்ஷாத் லேசருக்கு ஒத்துக்கொண்டாள். நடேசன் ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே காலுறை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

லேசர் முடிந்து அன்றைக்கே நடந்து வந்தவளை ராஷித் சந்தேகமாகப் பார்த்தான். "செஞ்சாங்களா, இல்ல சும்மா அனுப்பிட்டாங்களா?" கொஞ்ச நாள் அவளும் காலுறை போடவேண்டியிருந்தது. அதை மாட்டிவிடுவது அவன் வேலையாயிற்று. சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணிப்பதுபோல வியர்த்து இழுப்பான். "மச்சான், பாத்து. காலைக் கழட்டிக்கினு போயிடாதீங்க" என்பாள்.

வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக ஒரு பெட்டியை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நடேசன் வந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"மனுஷி எவ்ளோ நேரம்தான் நிப்பா சார்?" அவர் கெஞ்சிய அதே ராகத்தில் கேட்டாள். "அன்னிக்கு ஆவடி குடோன்ல..."

"உக்காருங்க, உக்காருங்க. கூட்டம் இல்லாதப்போ எல்லாருமே உக்காரலாம். சட்டமே இருக்கே."

பெட்டிகள் எல்லாம் தரைக்கு வந்தன.

அடுத்த வாரம் முதலாளி மோகன் மாடிக்கு வந்தார். "என்ன நடேசன், எல்லாரும் உக்காந்திருக்காங்க?"

நடேசன் கட்சி மாறிவிடுவார் என்றே ஷம்ஷாத் நினைத்தாள். அவர் மாறவில்லை. "கால் கடுத்தா முகம் கடுக்குது சார். இப்போ சாயங்காலமும் சிரிச்சிக்கிட்டே விக்கறாங்க." சொன்ன வேகத்தில் தானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பேண்ட் மேலே ஏறி, தோல் நிறக் காலுறை பளபளத்தது.

மோகன் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

நடேசன் பரிதாபமாக ஷம்ஷாத் பக்கம் திரும்பினார்.

"சார் ஷட்டில் ஆடறாரு. விளையாடறவங்க போடறது சார்" என்றாள் அவள்.

மோகன் தன் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

இந்த விஷயத்தை ஷம்ஷாத் யாரிடமும் சொல்லவில்லை, அகல்யாவைத் தவிர. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் நடேசனும் கண்ணை இறுக மூடிக்கொண்டு லேசருக்குப் படுத்தார். சில நாள் லீவுக்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். விடியற்காலையில் அயனம்பாக்கம் ஏரிப்பக்கம் ஷம்ஷாத் வேகமாக நடக்கிறாள். ராஷித்தும் துணைக்கு வருகிறான், பின்னாலேயே ஆட்டோவில் ஊர்ந்து.

"எறங்கி நடங்க மச்சான்."

"எனக்குக் கால் நல்லாத்தானே கீது" என்கிறான்.