‘வரட்டே’ என்றால் போகிறேன் அல்ல

மனநல வேலையில் குணமானவர் திரும்பி வந்து தலைகாட்டமாட்டார். செய்த வேலை நின்றதா, சரிந்ததா என்று தெரியாமல் தவிக்கிற தொழில் உங்களுடையதும் என்றால், நீங்களும் என் கட்சி.

ஒரு வார வைத்தியம்

எண்பதுகளின் தொடக்கம். மலையாள ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் உளவியல் ஆலோசகர். அந்த ஊர்க் கடைத்தெருவான ஆரியசாலையில் மிளகாய் வத்தல் வியாபாரி சங்கரலிங்கம், திருநெல்வேலிக்காரர். கிடங்குக்குள் போனாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உயிர் போகிறது என்று வெளியே ஓடிவருவார். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லியும் நம்பவில்லை. கடையையே விற்றுவிட முடிவு செய்திருந்தார்.

பயத்தை நாமே வரவழைத்து, ஓடாமல் அதற்குள் இருந்து பழகுவது எங்கள் புது முறை. ஒரே வாரம், நாள் முழுக்க. எங்கள் மலையாளி சீஃப் சிரித்தார்: “ஒரு ஆழ்ச்ச சிகில்ச, ஒரு ஆழ்ச்ச சுகம். அத்ரதன்னே.” ஒரு வார வைத்தியத்துக்கு ஒரு வார சுகம்தான், அவ்வளவே என்று கேலி.

வார்த்தை செய்த வம்பு

ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்க வைத்தேன். நெஞ்சு படபடத்ததும் அவர் முகம் வெளிறியது. ‘பயம் வந்தால் வரட்டும்’ என்ற அர்த்தத்தில், வாய்ப்பழக்கமாக மலையாளத்தில் “வரட்டே” என்றேன். இந்த ஊரில் விடைபெறுகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். என் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“இந்த நேரத்துல நீங்க எங்கம்மா போறீய?”

கிடங்கில்

கடைசி நாள் அவருடைய கிடங்கிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். அவருக்குப் பயம் ஏறியது, உச்சிக்குப் போனது, மெல்ல இறங்கியது. எனக்கோ வத்தல் நெடியில் தும்மல் அடங்கவில்லை, கண்ணீர் நிற்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார்.

“டாக்டரம்மா, நீங்க வேணா வெளிய போங்க. நான் இருந்துக்கிடுதேன்.”

நான் டாக்டர் இல்லை என்று திருத்தக்கூட அப்போது மூச்சில்லை.

வருஷங்கள் கழித்து

பழைய நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் வேலை வந்தது. கடை கைமாறியிருக்குமோ என்ற பயத்தோடுதான் ஆரியசாலைக்குள் நுழைந்தேன். போர்டில் அதே பெயர். வாசலில் லாரி. கிடங்குக்குள்ளிருந்து சத்தம்போட்டபடி வந்தவர் என்னைப் பார்த்து, “எத்தன கிலோம்மா?” என்றார்.

நான் யாரென்று சொன்ன பிறகுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. இப்போது பயம் வருவதில்லையா என்று கேட்டேன்.

“வராமயா? போன வாரம்கூட உள்ள நிக்கும்போது வந்துது. லோடு எறக்கணும், கொஞ்சம் இருன்னு சொல்லிட்டு வேலயப் பாத்தேன். அது எப்பப் போச்சுன்னு பாக்க மறந்துட்டேன்.”

என் முகத்தையே மறந்துபோகும் அளவுக்கு ஒரு மனிதரைக் குணப்படுத்திய கர்வத்தில், வேண்டாத அரைக் கிலோ வத்தலையும் வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தேன்.