மூச்சு உள்ளே போகும்போது கேட்கும் சத்தம்

என் கணவருக்கு முதலில் வலி வந்தது தாடையில். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அரியலூரைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போவார். லோடு முடித்து வந்து சட்டையைக் கழற்றும்போது இடது தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். சொத்தைப் பல்லாக இருக்கும் என்று கிராம்பை அடக்கிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினார். தணியவில்லை. அரியலூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். பல்லில் ஒன்றுமில்லை, நடந்தால் வலி கூடுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, இன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அவர் குரல் மாறியதை நான் கவனித்தேன். இவர் கவனிக்கவில்லை.

என் பெயர் மலர்க்கொடி. செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். கணவர் பெயர் ராஜேந்திரன். ஒரே மகள் தேவியைக் குரும்பலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இதய ஆபரேஷன் பற்றி எங்களுக்குச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். கழுத்தில் போடும் குழாயைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் குழாயோடு படுத்திருக்கலாம்.

திருச்சியில் ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதய ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) பார்த்ததில் மூன்று குழாய்கள் அடைத்திருந்தன. பைபாஸ் செய்தார்கள். காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயை வைத்து இதயத்துக்கு மாற்று வழி போடுவதுதான் பைபாஸ். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வெளியே வந்து சொன்னார்கள். தேவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கவலைப்பட வேண்டியது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

வாய்வழியாகப் போட்டிருந்த குழாயில் வென்டிலேட்டர் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் இயந்திரம்) ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். எடுக்கவில்லை. தினமும் காலையில் இயந்திரத்தின் உதவியைக் குறைத்துப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் தாங்குவார். பிறகு மூச்சு வாங்கி, வியர்த்து, ரத்த ஆக்சிஜன் இறங்கிவிடும். மறுபடி முழுதாக ஓடவிடுவார்கள். பல வருடம் பீடிப்புகையும் கல் தூசியும் போன நுரையீரல். இதயம் தேறுகிறது, நுரையீரல் தேறவில்லை என்றார்கள்.

அந்த வராந்தாவில் எங்களோடு காத்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு குடும்பம் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனது. நாங்கள் மட்டும் அதே சுவரோரம் இருந்தோம்.

இரண்டாவது வாரத்தில் அங்கிருந்த டாக்டரம்மா என்னையும் தேவியையும் தனியாகக் கூப்பிட்டார். வாய்க்குழாய் இனியும் இருந்தால் குரல்வளை புண்ணாகும், ட்ரக்கியோஸ்டமி செய்யலாம் என்றார். தொண்டைக்குக் கீழே, மூச்சுக்குழாயில் துளை போட்டு அங்கே சின்னக் குழாய் பொருத்துவது. என் கொழுந்தனார் சேகர் போனில் கேட்டுவிட்டு, கழுத்தில் கத்தி வைத்தால் ஆள் தேறாது அண்ணி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். ஊரிலும் அதையே சொன்னார்கள்.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இதைப் போட்டா பொழைச்சுடுவாருங்களா?"

"குழாய் அவரைக் காப்பாத்தாதுங்க. நுரையீரல் தேறுற வரைக்கும் தாக்குப்பிடிக்க ஒரு வழி பண்ணித் தரும். மத்ததை அவரு உடம்புதான் செய்யணும்."

இதய ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் குழாய் தேவைப்படுகிறவர்கள் மற்றவர்களைவிடப் பலவீனமானவர்கள், எல்லாரும் வீட்டுக்குப் போவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கழுத்துத் துளையும் நெஞ்சுத் தையலும் கிட்டக் கிட்ட இருப்பதால், சளி இறங்கி நெஞ்செலும்பில் கிருமி பிடிக்காமல் பார்க்க வேண்டும் என்றார். அவ்வளவு பயத்தையும் கேட்டுக்கொண்டு சம்மதித்தேன்.

குழாய் போட்ட பிறகு மயக்க மருந்தைக் குறைத்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். வாயசைத்தார். சத்தம் வரவில்லை. திரும்பவும் அசைத்தார். பிறகு கண்களில் வந்த திகிலை என்னால் எழுத முடியவில்லை. மூச்சு கழுத்தோடு வெளியே போய்விடுவதால் குரல் நாணுக்குக் காற்று வராது, குரல் போய்விடவில்லை என்று நர்ஸ் விளக்கினார். அவர் நம்பினாரா தெரியாது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க, கையைக் கட்டிலோடு கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

சளி எடுப்பதுதான் பெரிய கொடுமை. மெல்லிய குழலைக் கழுத்துக் குழாய்க்குள் விட்டு இயந்திரத்தால் உறிஞ்சுவார்கள். உடம்பு கட்டிலை விட்டு எழும்பும். சத்தமில்லாமல் இருமுவார். நர்ஸ் அந்த இயந்திரம் இருந்த மேசையை நோக்கி நடந்தாலே இவர் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும்.

ஆனால் குழாய் வேலை செய்தது. மெல்ல மெல்ல இயந்திரத்தை விட்டார். உட்கார்ந்தார். கஞ்சி குடித்தார். குழாயை மூடிப் பார்த்தார்கள், தாங்கினார். ஒரு நாள் எடுத்தே விட்டார்கள். துளையின் மேல் பஞ்சுத்துணி வைத்து ஒட்டி, அதை அமுக்கிக்கொண்டு பேசச் சொன்னார்கள். வீட்டைப் பற்றிக் கேட்பார், தேவியைக் கூப்பிடுவார் என்று நின்றிருந்தேன்.

"மலரு, இனிமே இதைப் போட விடாத. செத்தாலும் பரவால்ல."

"சரிங்க" என்றேன். நோயாளிக்குச் சொல்லும் சரி அது. அவர் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றை அழுத்திச் சொன்னார். மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரியோ கரகரவென்றோ சத்தம் வந்தால், சளி என்றும் ஆஸ்துமா என்றும் இருந்துவிடாமல் உடனே எங்களிடம் வாருங்கள். இதைப் படிப்பவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதல் சில வாரங்கள் நன்றாகப் போயின. கழுத்துத் துளை தானாக மூடித் தழும்பானது. காலையில் தெருமுனைவரை நடப்பார். லாரி முதலாளியிடம் போன் பண்ணி, தை பிறந்ததும் வண்டி எடுக்கிறேன் என்றுகூடச் சொன்னார்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. முதலில் நடந்துவிட்டு வரும்போது மட்டும். காய்ந்த அடிபம்பை அடித்தால் வரும் காற்றுச் சத்தம் போல. நான் கேட்டதும் அவர் கனைத்துக்கொண்டு, பனிக்காலம், சளி என்றார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஆவி மருந்து பிடித்தார்கள். வீசிங் என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. திருச்சிக்குப் போகலாம் என்றேன். பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்ததும், தேவி பிள்ளைக்குக் காதுகுத்து முடியட்டும் என்றார்.

அவர் பேச்சு சுருங்கியது. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொல்வார். சோறு தட்டில் மிஞ்சியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் வீட்டில் இருக்கும்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தார். செய்தியோ, சமையல் நிகழ்ச்சியோ, எதுவாக இருந்தாலும் சத்தமாக. அவர் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மூச்சு என் காதில் விழக் கூடாது என்பதற்காக அது ஓடிக்கொண்டிருந்தது.

காதுகுத்துக்குக் குரும்பலூர் போனோம். கோயில் பந்தலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டார் நடுவில் நாற்காலியில் இருந்தார். பிள்ளை அழப் போகிறது என்று யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

பந்தல் அமைதியானது. அப்போது எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். என் கணவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காறையெலும்புக்கு மேலே சதை குழிவிழ, காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போக முயன்றார். இரண்டடி வைத்து முட்டி போட்டு உட்கார்ந்தார். உதடு கருத்திருந்தது.

சம்பந்தி காரில் பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும், எத்தனை நாளாக இந்தச் சத்தம் என்று கேட்டார். தேவி என்னைப் பார்த்தாள். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"உள்ள வழி ஒரு ஸ்ட்ரா அளவுக்குத்தாங்க இருக்கு. திருச்சி வரைக்கும் தாங்காது. மறுபடி கழுத்துலதான் போடணும்."

அது அவர் காதில் விழுந்துவிட்டது. ஆக்சிஜன் முகமூடிக்குள் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கண் என்மேல் இருந்தது.

"அம்மா, அப்பா வேணாங்கறாரும்மா" என்றாள் தேவி.

ஆக்சிஜன் குறைந்த மூளையால் இதை முடிவெடுக்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார் டாக்டர். என் கணவரின் தலை ஆடுவது மெதுவானது. சத்தமும் குறைந்தது. சத்தம் குறைவது நல்லதல்ல என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"போடுங்க டாக்டர்" என்றேன்.

இதை எழுதும் இன்றும் அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பிறகு திருச்சியில் முழுதாகப் பார்த்துச் சொன்னார்கள். மூச்சுக்குழாய்ச் சுருக்கம் (குழாய் இருந்த இடத்தில் புண் ஆறும்போது தழும்பு உள்பக்கமாகத் தடித்து வழியை அடைப்பது). சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்து முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். அதற்கு நீண்ட மயக்கம் கொடுக்க வேண்டும். இதயம் இன்னும் அந்த அளவுக்குப் பம்ப் செய்யவில்லை. சில மாதம் கழித்துப் பார்ப்போம், அதுவரை குழாய் இருக்கட்டும், விரலால்கூட அடைக்கக் கூடாது என்றார்கள். மேல் வழி குறுகியிருப்பதால் இப்போது குரலும் இல்லை.

அவர் தேவியிடம் வாயசைத்தார். சேகரிடம் வாயசைத்தார். என்னிடம் மட்டும் இல்லை. நர்ஸ் கற்றுக்கொடுத்தபடி நான் சளி எடுப்பேன். ஈரத்துணியைக் கழுத்தில் கட்டுவேன். குழாய்க்குள் இருக்கும் சிறு குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கழுத்தைக் கொடுப்பார். ஊருக்கு வந்த பின்னும் அப்படியே. ஒரு வீட்டில் ஒருவருக்குக் குரல் இல்லை, இன்னொருவருக்குப் பேச்சு இல்லை.

பங்குனியில் ஒரு பகல். வெயில் கொளுத்தியது. பள்ளியிலிருந்து வந்து அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் தடதடவென்று அடிக்கும் சத்தம். ஓடினேன். சளி காய்ந்து குழாய் அடைத்திருந்தது. கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை. உறிஞ்சும் இயந்திரத்தின் பேட்டரியும் இறங்கியிருந்தது.

அவர் என் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் வளையல் நெளிந்தது. அதைத் தன் கழுத்துக்கு, அந்தக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனார்.

உள்குழாயைத் திருகிப் பிடுங்கினேன். கெட்டியான சளி அதோடு வந்தது. காற்று உள்ளே போனது. ஒரு முறை, இன்னொரு முறை. கழுவிய மாற்றுக்குழாயை மாட்டினேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்து வாயசைத்தார். எனக்குப் புரியவில்லை. திரும்பவும் அசைத்தார்.

"பயந்துட்டியா?"

ஆமாங்க என்றேன். அவரும் தலையை அசைத்தார். சத்தியத்தை மீறியதை அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கழுத்தைக் கொடுக்கும்போது சுவரைப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை திருச்சி போகும்போது இதயத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் பற்றிச் சொல்வார்கள். செய்யலாமா என்று இந்தத் தடவை முன்கூட்டியே அவரிடம் கேட்டுவிட்டேன். "பாப்போம்" என்று வாயசைத்தார். செய்யலாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பின்னால் ஒரு நாள் இருக்கிறது என்பது மட்டும் அதில் இருந்தது. எனக்கு அது போதும், போதாமலும் இருக்கிறது.

இப்போதெல்லாம் பள்ளிச் சமையற்கட்டில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருக்கும்போது தலை கிறுகிறுக்கிறது. நின்று யோசித்தால், நான் மூச்சை அடக்கி வைத்திருக்கிறேன். எப்போது அடக்கினேன், எவ்வளவு நேரமாக என்று தெரிவதில்லை. போனை எடுத்து, பகலில் அவருக்குத் துணையாக இருக்கும் சேகரைக் கூப்பிடுகிறேன். அண்ணன் கட்டிலில் இருக்கிறார், நல்லாத்தான் இருக்கிறார் என்கிறார். அப்புறம்தான் மூச்சை விடுகிறேன்.