ஏட்டி, கேக்கியா?

இது நடந்தது 2010-ல், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். கொட்டாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். நான் கொட்டாரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், எனக்கு இருக்கும் ஒரு கிறுக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதி எதுவும் விளங்காது.

எனக்குக் கச்சேரி அவ்வளவாகப் பிடிக்காது. கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் நடப்பதுதான் பிடிக்கும்.

கோயில் கொடைக்கு, அதாவது அம்மன் கோயில் திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டு என்றால், ஊரே சாப்பிட்டுவிட்டுப் பாய் தலையணையோடு கிளம்பும். நான் சாயங்காலமே போய்விடுவேன். வில்லில் மணி கட்டிக்கொண்டிருப்பார்கள். குடம் அடிப்பவர் குடத்தைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பாட்டுக்காரம்மா தொண்டையைச் செருமிவிட்டு, சுக்குக் காப்பி வரவில்லையே என்று யாரையாவது ஏசுவார். சிங்காரி மேளம் என்றால் செண்டைக் கயிறை இழுத்து முறுக்குவது, சர்ச் திருவிழா என்றால் கீபோர்டு தம்பி ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பது, இதெல்லாம் எனக்கு அமிர்தம். அந்த நேரத்தில் அவர்கள் நம்மைப் போலவே இருப்பார்கள். அரிதாரம் பூசி மேடை ஏறிவிட்டால் வேறு ஆள் ஆகிவிடுவார்கள், எனக்கும் அதோடு சுவாரசியம் போய்விடும்.

வீட்டுக்காரர் அனுப்பிய போனில் ரெக்கார்டர் இருந்தது. அது கைக்கு வந்த பிறகு கேட்க வேண்டுமா? ஊர் ஊராக இந்தத் தொடங்காத கச்சேரிகளைப் பதிவு செய்தேன். வீடியோவும் எடுப்பேன், அதில் பாதி மங்கலாக இருக்கும். ஒருத்தருக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை மற்றவருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? சென்டரில் கூட வேலை செய்பவர்களுக்கு புளூடூத்தில் அனுப்புவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் காதில் ஹெட்போனை வைத்துவிடுவேன். எல்லாரும் கொஞ்ச நேரம் மரியாதைக்குக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்ப தொடங்கும்?"

இதுதான் அது, இனிமேல் ஒன்றும் தொடங்காது என்று சொன்னால் முகம் மாறிவிடும். லீவில் வந்த வீட்டுக்காரர் ஒருநாள் முழுசாக ஒரு பதிவைக் கேட்டார். முடிந்ததும், "சாம்பாருல உப்பு பாத்துட்டு, சாப்பிடாம எழும்பிப் போற ஆளாக்கும் நீ" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. ஆனால் என்னோடு சேர்ந்து ரசிக்க ஒரு ஆள் கூட இல்லையே என்று உள்ளுக்குள் வருத்தம் இருந்தது உண்மை.

இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு குரல் வரும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணாச்சியின் குரல். கோயில் கொடை, சர்ச் திருவிழா, அய்யாவழிப் பதியில் திருநாள், எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் தென்னை மரத்தில் ஏறும். மற்ற மைக் செட்காரர்கள் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணி சோதித்துப் பார்ப்பார்கள். அண்ணாச்சி எண்ண மாட்டார்.

எங்கள் ஊர்க் கோயிலில் மைக் கட்டும்போது கடைசிக் குழாயை அவர் வீட்டுப் பக்கத்துத் தென்னையில் கட்டுவார். அங்கே கேட்டால் வயர் முழுக்க சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் பெண்சாதி மொட்டை மாடியில் தயாராக நிற்பார். அண்ணாச்சி மைக்கைத் தட்டி, ஊதி, "ஹலோ... ஹலோ... ஏட்டி, கேக்கியா?" என்பார். சத்தம் சரியாக வந்தால் அக்கா மாடியிலிருந்து துவர்த்தை வீசிக் காட்டுவார். துண்டைத்தான் எங்கள் பக்கம் துவர்த்து என்போம். வரவில்லையென்றால் சும்மா நிற்பார். கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் அந்த மாடி தெரியும். செல்போன் வந்த பிறகும் அவர்கள் இந்த வழக்கத்தை விடவில்லை.

அக்காவுக்கு இது பெரிய கூச்சம். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு மனுஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கூச்சம் வராது? தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள், "என்னக்கா, கேக்கியளா?" என்று கிண்டல் செய்வார்கள். வெளியூரில் மைக் கட்டினாலும் அண்ணாச்சிக்கு வாயில் அதுதான் வரும். வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழாவில் கமிட்டிக்காரர் ஒருத்தர், "அண்ணாச்சி, அக்காவுக்கு இங்க உள்ளது அங்க கேக்குமா?" என்று கேட்க, "அவளுக்கு எல்லாம் கேக்கும்டே" என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றினார்.

அந்த அண்ணாச்சிக்குத்தான் அந்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, உயிருக்குப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் ஒரு முனகல் மட்டும் வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். ஆரம்ப மாதங்களில்தான் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம், விடாமல் பேச்சுக் கொடுங்கள், பழக்கமானதைக் கேட்க வையுங்கள் என்று சொன்னாள். தோவாளையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பக்திப் பாட்டாகக் கொண்டுவந்து போட்டாள். மருமகன் சினிமாப் பாட்டு போட்டார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயிற்சிக்கு வந்த பெண்ணைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சோறும் இறங்கவில்லை.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி முன்னறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஊரையே கேட்க வைத்த மனுஷன் அப்படி ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா என்னை அடுக்களைக்கு அழைத்துப் போனார். மழை காரணமாகத் துணியெல்லாம் அங்கேதான் கொடியில் கிடந்தது. சாயாவுக்கு வெள்ளம் வைத்தார்.

"மக்கா, ஒரு காரியம் கேட்டா தப்பா நினைப்பியா?" என்றார். "நீ என்னமோ கிறுக்குத்தனமா ரெக்கார்டு பிடிச்சு வச்சிருக்கன்னு எல்லாவளும் சொல்லுவாளுவ. அதுல அவியளுக்க சத்தம் கெடக்கா?"

நான் தலையாட்டினேன்.

"எத்தனை பேருக்க சத்தத்த ஊரு பூராவும் கேக்க வச்சாவ. இந்த வீட்டுல அவியளுக்க சத்தம் ஒரு கேசட்டுல கூட இல்ல மக்கா. எனக்கு இப்பமே மறந்துருமோன்னு பயமா இருக்கு."

இதை அவர் அழாமல்தான் சொன்னார். அண்ணாச்சி காதில் விழுந்தால் மனம் நொந்துபோவாரே என்று யோசித்தேன். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. கதவை ஒருச்சாய்த்தார். நான் போனில் சத்தத்தைக் குறைத்து, போன வருஷக் கொடையில் எடுத்த பதிவை வைத்தேன்.

முதலில் வில்லு மணிகள் கலகலவென்று கேட்டன. "வயர ஏன்டே மிதிக்க?" என்று ஒரு அதட்டல். அது அண்ணாச்சி. அக்கா உடனே கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ஆம்பிளிபயர் உறுமல், மைக்கில் இரண்டு தட்டு, ஒரு ஊதல். பிறகு அந்தக் குரல், "ஹலோ... ஹலோ... ஏட்டி, கேக்கியா?"

அதற்குப் பிறகு பதிவில் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அண்ணாச்சி கண்ணுக்கு மேல் கையை வைத்து மாடியைப் பார்க்கிற நேரம் அது. மைக்கை அணைக்கிற சொடுக்குச் சத்தம் வரும். அதன் பிறகு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி மெதுவாக ஒரு சொல்: "கேக்கா."

அக்கா கண்ணைத் திறந்தார். "அது என்னது கடைசீல?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கிறாள் என்கிற அந்தச் சொல் மைக்கை அணைத்த பிறகு வருவது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாடியில் நின்ற அக்காவுக்கு மட்டும் இத்தனை வருஷமும் தெரியாது.

"நீங்க துவர்த்து வீசினதும் அண்ணாச்சி எப்பவும் அப்படித்தான்க்கா சொல்லுவாவ" என்றேன்.

"எப்பவுமா?"

"எப்பவும்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. "இன்னும் ஒருக்க போடு" என்றார். போட்டேன். மறதியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன் போல. மணி, அதட்டல், உறுமல், தட்டு, ஊதல், ஏட்டி கேக்கியா, கேக்கா. பதிவை நிறுத்தினேன்.

"ஏ...ட்டி. கே...க்கியா."

நான் போனைப் பார்த்தேன். அது நின்றுதான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். குரல் முன்னறையிலிருந்து வந்திருந்தது. குழறலாக, தடித்த நாக்கோடு, ஆனால் அதே ராகத்தில்.

நானாக இருந்தால் கத்திக்கொண்டு ஓடியிருப்பேன். அக்கா ஓடவில்லை. கொடியில் கிடந்த ஈரத் துவர்த்தை உருவினார். கதவைத் திறந்து வாசற்படியில் நின்று, கையை உயர்த்தி, மாடியில் நின்று வீசுகிற மாதிரியே வீசினார். ஈரம் என் முகத்தில் தெறித்தது. அண்ணாச்சி சுவரிலிருந்து திரும்பியிருந்தார். முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. அக்கா கை ஓயும்வரை வீசினார். அடுப்பில் வெள்ளம் கொதித்து வழிந்ததை அணைக்க நான்தான் திரும்பிப் போனேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ரொம்ப நாள் அண்ணாச்சிக்கு அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான் வந்தது. பசித்தால் அது, வலித்தால் அது, கோபம் வந்தாலும் அது. அக்கா "கேக்கேன், சொல்லுங்க" என்பார். அதற்கு மேல் சொல்ல முடியாமல் அவர் இடது கையால் கட்டிலை அடிப்பார். சில நாள் அக்காவும் பொறுமை இழந்து அடுக்களையில் போய் நின்று அழுவார். ஆனால் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு சந்தோஷம். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய சொற்கள் சில பேருக்கு இப்படித் தானாக வந்துவிடும், ஜெபம் வரும், எண்ணிக்கை வரும், இந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுக்கப் பார்க்கலாம் என்றாள். அண்ணாச்சியும் அதற்குப் பிறகு அவளைப் பார்த்துக் கண்ணை மூடவில்லை. சாப்பிடவும் தொடங்கினார். அடுத்த வார்த்தையாக வந்தது "சாயா". மெல்ல மெல்ல வேறு சொற்களும் வந்தன. பழைய பேச்சு முழுசாக வரவே இல்லை, குழாய் கட்ட அவர் மரத்தடிக்குப் போகவும் இல்லை.

இதை மஸ்கட்டுக்குப் போன் செய்து சொன்னபோது, எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்யும் என் வீட்டுக்காரர், "அந்த ரெக்கார்டிங்க எனக்கும் அனுப்பு" என்றார். அவராகக் கேட்டு வாங்கிய முதல் பதிவு அதுதான். இந்த முறை எப்போது தொடங்கும் என்று அவர் கேட்கவில்லை.

கிறுக்கு எனக்கு இன்னும் விடவில்லை. இப்போது வாட்ஸப்பில் அனுப்புகிறேன். பார்த்தும் பதில் போடாதவர்கள்தான் அதிகம். முன்பெல்லாம் அது எனக்கு அவமானமாக இருக்கும். இப்போது இல்லை. எனக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போதெல்லாம், நானும் கண்ணுக்கு மேல் கையை வைத்து ஏதோ ஒரு மொட்டை மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு துவர்த்து அசைந்தால் போதும் எனக்கு.